ஒரு சாவியும் பல பூட்டுக்களும்

இம்மாநகரத்துப் பிரெஞ்சு மக்கள், கைவிரல் அளவேயான யு.எஸ்.பி. நினைவகத்தைச் ‘சாவி’ என்று பொருள்படும் ‘கிளே’ என்னும் சொல்லால் அழைக்கின்றனர். எம்மவர் ‘பென் டிரைவ்’ என்பர். சாவி என்ற பெயரே எமக்குப் பிடித்தமானது. ஏனெனில் புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கலியாணப் படம், செத்தவீட்டு வீடியோ ஆகிய யாவும் இன்று அத்தகைய ஒரு சிறு பொருளுக்குள்ளேதான் கிடக்கின்றன. ஆயினும் ஒரு வீட்டுக் கணனியில் திறக்கும் சாவி அடுத்த வீட்டுக் கணனியில் திறப்பதில்லை. பாரிஸில் நிரப்பி அனுப்பிய வட்டு மொன்றியலில் ஒன்றும் அற்றதுபோல் தோன்றுகின்றது. இங்கு எழுதியது யாழ்ப்பாணத்தில் வாசிக்கப்படுகின்றது, ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடிவதில்லை. இது இயந்திரத்தின் பழுதா, மனிதர் கட்டிய வேலியா? இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதனை எழுத எம்மைத் தூண்டியது எமது கையாலேயே நேர்ந்த ஒரு பிழை. அதை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

2013ஆம் ஆண்டு மாரிகாலம். முந்திய ஆண்டில் பாரிஸில் காலமான எமது தமக்கையாரின் ஆட்டைத் திவசத்தை ஒட்டி, அவருடைய மகன் எமக்கு ஒரு வட்டை அஞ்சலில் அனுப்பியிருந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, தமக்கையார் ஒரு பிஸ்கற் பேணிக்குள் இட்டுச் சுமந்து சென்ற படங்களும் உறுதிகளும் அதில் இருந்தன. மருமகன் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கான் செய்து, தாயார் சொல்லச் சொல்லக் கோப்புக்களுக்குப் பெயரும் எழுதியிருந்தார். ‘1974 கொடிகாமம் பெரியண்ணர் கலியாணம்’ என்பதைப் போன்ற பெயர்கள். தாயாருக்கே அடையாளம் தெரியாத முகங்களுக்கு ‘யார்?’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார். இவ்வளவையும் அவர் தொலைபேசியில் எமக்கு விளக்கியிருந்தார்.

அவருடைய கணனி மக்கின்ரொஷ். எம்முடையது விண்டோஸில் இயங்குவது. வட்டைச் செருகியதும் திரையில் ஓர் அறிவித்தல் எழுந்தது: இவ்வட்டைப் பயன்படுத்துவதாயின் முதலில் ‘போர்மற்’ செய்தல் வேண்டும், செய்யவா? நாம் ‘ஆம்’ என்பதை அழுத்தினோம். உத்தியோகத்தர் ஒருவர் படிவத்தை நீட்டிக் கையொப்பம் இடும்படி கூறினால் வாசியாமலே இட்டுவிடும் பழக்கம் அகதி வாழ்வில் எமக்கு ஊறிப்போன ஒன்று. அரை நிமிடம் செல்லவில்லை. வட்டு நன்றாக வேலை செய்தது, உள்ளே எதுவும் இல்லாமல். மருமகனிடம் வேறு பிரதியும் இருக்கவில்லை. அவருடைய மடிக்கணனி அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே திருட்டுப் போயிருந்தது.

என்ன நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்வதற்குப் பள்ளிக்கூட இடாப்பை நினைத்துக்கொள்ளலாம். ஒரு வட்டு என்பது எண்ணிடப்பட்ட பல்லாயிரம் சிறு அறைகள் கொண்ட நீண்ட கட்டடம். ஒரு படம் ஓர் அறைக்குள் அடங்காது. அதனைத் துண்டுகளாக்கிப் பல அறைகளில் வைக்க வேண்டும். எந்தப் பெயருடைய கோப்பு எந்த அறையில் தொடங்குகின்றது, அடுத்த துண்டு எந்த அறையில் இருக்கின்றது, எந்த அறைகள் வெறுமையாக உள்ளன என்ற விபரம் அனைத்தும் ஓர் இடாப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்த இடாப்பை எழுதும் முறைக்கே ‘கோப்பு முறைமை’ என்று பெயர். விண்டோஸ் ஒரு முறையில் எழுதும், மக்கின்ரொஷ் வேறொரு முறையில் எழுதும், லினக்ஸ் மற்றொரு முறையில். அறைகளுக்குள் இருக்கும் படம் எல்லோருக்கும் ஒன்றே. இடாப்பை வாசிக்கத் தெரியாத கணனி, கட்டடம் வெறுமையானது என்று முடிவுகட்டிப் புதிய இடாப்பு எழுத அனுமதி கேட்கின்றது. அந்த அனுமதியைத்தான் நாம் கொடுத்தோம்.

இவ்விடாப்புக்களுள் மிகப் பரவலானதாகிய ‘ஃபாற்’, அதாவது கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணை, 1977ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தில் பிறந்தது. பில் கேட்ஸுடன் நடத்திய உரையாடல்களின் அடிப்படையில் மார்க் மக்டொனால்ட் என்னும் பொறியியலாளர் அதனை வகுத்தார். 1977 என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவது அவ்வாண்டு ஆவணியில் இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட வன்செயல். இம்மாகாணத்தாருக்கோ, அதே ஓகஸ்ற் 26ஆம் திகதி பிரெஞ்சைப் பொதுவாழ்வின் மொழியாக்கிய 101ஆம் இலக்கச் சட்டம். எந்த மொழி எங்கே செல்லும் என்பது மக்களின் தலைவிதியை நிர்ணயித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கணனிகளின் பொதுமொழி ஒன்று எவரும் திட்டமிடாமலே உருவாகத் தொடங்கியது.

அது வகுக்கப்பட்டபோது எல்லோருக்கும் உரியதாக எண்ணப்பட்டதன்று. சிறு நெகிழ்வட்டுக்களுக்கான எளிய கணக்கு, அவ்வளவே. 1980இல் ரிம் பற்றேர்சன் என்பவர் தாம் எழுதிய இயங்குதளம் ஒன்றுக்கு இம்முறையை எடுத்துக்கொண்டார். அவ்வியங்குதளத்தை மைக்ரோசொவ்ற் 1981இல் வாங்கியது. அவ்வாண்டு ஓகஸ்ற் 12ஆம் திகதி ஐ.பி.எம். தனியாள் கணனி அதனுடனேயே சந்தைக்கு வந்தது. அதன் நெகிழ்வட்டு 160 கிலோபைற் கொள்ளும், ஆங்கிலத் தட்டச்சில் ஏறக்குறைய எண்பது பக்கம்.

அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன், மே 31ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் மாற்றுப் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. நாம் அப்போது சிறுவர். ஒரு சுவடிக்கு ஒரேயொரு பிரதிதான் இருக்க முடியும், அது ஒரேயொரு கட்டடத்தில்தான் இருக்க முடியும் என்பது அன்று எவருக்கும் இயல்பாகவே தோன்றியது. அதே கோடையில், ஒரு நூலைக் கண நேரத்தில் நூறு பிரதி செய்யத்தக்க பொருள் ஒன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது. அவ்விரண்டும் சந்திப்பதற்கு மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்தினர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கத் தலைப்பட்டமை அச்சந்திப்பின் பயன்.

ஐ.பி.எம். கணனியைப் பின்பற்றி நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் மலிவுக் கணனிகளைச் செய்தன. அவற்றுடன் ‘ஃபாற்’ முறையும் உலகெங்கும் சென்றது. அப்பிள் நிறுவனம் தன் வழியே சென்றது. 1984இல் மக்கின்ரொஷ் வந்தது. மறு ஆண்டு எச்.எவ்.எஸ். என்னும் அதன் சொந்த இடாப்பு வந்தது. அன்று வேலி இடாப்பில் மட்டும் இருக்கவில்லை. மக்கின்ரொஷின் 800 கிலோபைற் நெகிழ்வட்டு, வட்டின் ஓரத்திற்கு ஒரு வேகமும் நடுவுக்கு வேறு வேகமுமாகச் சுழலும். ஒரே வேகத்தில் சுழலும் மற்றைய கணனிகளால் அதனைத் தொடவே முடியாது. 1988இல் அப்பிள் இருவகை வட்டையும் வாசிக்கும் பொறியை அறிமுகப்படுத்தியது. எனினும் ஐ.பி.எம். வகை வட்டை நேரே செருகினால், வாசிக்க முடியவில்லை, புதிதாக ஆக்கவா என்றே அது கேட்கும். 2013இல் எம்மிடம் விண்டோஸ் கேட்ட கேள்வியை அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன் மக்கின்ரொஷ் கேட்டுவிட்டது. அக்கேள்விக்கு ‘ஆம்’ என்று எத்தனை பேர் பதிலளித்திருப்பர்! 1994இல்தான் மக்கின்ரொஷின் இயங்குதளத்துடனேயே அயலான் வட்டை வாசிக்கும் வசதியும் சேர்ந்து வந்தது.

நிறுவனங்கள் மனம் வைத்தால் ஒன்றுபட முடியும் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. குறுந்தகடு வந்தபோது, 1985ஆம் ஆண்டு நெவாடாவில் தாஹோ ஏரிக்கரையிலுள்ள விடுதி ஒன்றில் பல நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடி ஒரே இடாப்பு முறையைப் பேசினர். அதுவே 1988இல் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் சர்வதேச நியமமாயிற்று. குறுந்தகடு எந்தக் கணனியிலும் திறந்ததன் காரணம் அதுவே. ஆனால் அது ஒரு முறை எழுதி வாசிப்பதற்கானது. எழுதி அழித்து மீண்டும் எழுதும் வட்டுக்கு அவ்வாறான மாநாடு எதுவும் பயன் தரவில்லை. 1993இல் மைக்ரோசொவ்ற் தன் வலிய கணனிகளுக்காக என்.ரி.எவ்.எஸ். என்னும் புதிய இடாப்பை வெளியிட்டது, அதன் உள்விபரத்தை வெளியிடாமல். பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் தொடக்கிய லினக்ஸுக்கு 1993இல் எக்ஸ்ற்-2 என்பது வாய்த்தது. வீடு மூன்று, இடாப்பு மூன்று. நடுவே பழைய ‘ஃபாற்’ மட்டும் சந்தைமொழியாக நின்றது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் கிரேக்கரும் பஞ்சாபியரும் வங்காளிகளும் தமிழரும் கடை வாசலில் பேசிக்கொள்ளும் உடைந்த பிரெஞ்சைப் போன்றது அது. எவருடைய தாய்மொழியும் அன்று, எவரும் அதிற் கவிதை எழுதப் போவதில்லை. ஆனால் பால் வாங்கலாம்.

தொண்ணூறுகளில் எமது சமூகப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதியவர்கள் வேறொரு துன்பத்தையும் அறிவர். நெகிழ்வட்டு திறந்துகொண்டாலும் தமிழ் திறக்காது. ‘பாமினி’ எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் கணனிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அம்மா அவ்வாறே காட்சியளிப்பார். கோப்பின் பெயரைத் தமிழில் எழுதுவது கனவிலும் இல்லை. ‘ஃபாற்’ இடாப்பில் பெயருக்கு எட்டு இடம், வகைக்கு மூன்று இடம், ஆகமொத்தம் பதினொன்று. 1995இல் விண்டோஸ் 95 உடன் நீண்ட பெயர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடம் யுனிகோட் குறியீட்டில் எழுதப்படும் வகையில் அமைந்தது. 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 தமிழைத் திரையிற் காட்டத் தொடங்கிய பின், கொடிகாமம் கொடிகாமம் என்றே எழுதப்படலாயிற்று.

இங்கு ஆசிரியத் தொழில் செய்த எமக்குச் சுவையான செய்தி ஒன்று. ‘கொ’ என்பது ஓரெழுத்து என்றே வகுப்பிற் கற்பித்தோம். கொம்பும் அரவும் அதன் உறுப்புக்கள். யுனிகோட்டில் அக்கொம்பையும் அரவையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகப் பிரித்தும் எழுதலாம். மக்கின்ரொஷ் 1998இல் கொண்டுவந்த எச்.எவ்.எஸ். பிளஸ் இடாப்பு, கோப்புப் பெயரில் வரும் கொ, கோ, கௌ வரிசையைப் பிரித்தே எழுதி வைத்தது. மற்றையோர் தட்டச்சு செய்தவாறே வைத்தனர். ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு ‘கொடிகாமம்’ ஒரே உறைக்குள் அருகருகே கிடக்கக் காணலாம், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துக்களுக்கும் இதே கதிதான் என்று அறிந்தபோது, இந்நகரத்தில் நாம் தனித்துவிடவில்லை என்று ஆறுதலடைந்தோம். 2017இல் அப்பிள் வெளியிட்ட ஏ.பி.எவ்.எஸ். இவ்வழக்கத்தைக் கைவிட்டு, எழுதியபடியே வைத்துக்கொள்கின்றது.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரிலும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். ஊடாகவும் யு.எஸ்.பி. நினைவகத்தை விற்பனைக்குக் கொணர்ந்தன. எட்டு மெகாபைற், நெகிழ்வட்டைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். எல்லாக் கணனிகளிலும் செருக வேண்டிய பொருள் ஆதலால் அதற்கு இடப்பட்ட இடாப்பும் ‘ஃபாற்’தான். 1996இல் வந்த ‘ஃபாற் 32’ என்னும் அதன் விரிந்த வடிவம் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. ஆனால் அதில் ஒரு கோப்பின் நீளத்தை எழுதுவதற்கு 32 இரும இலக்கங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே நான்கு கிகாபைற்றை எட்டிய எந்தக் கோப்பும் அதனுள் நுழையாது. எம்மவரின் சாமத்தியவீட்டு வீடியோ நான்கு கிகாபைற்றுக்குள் அடங்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. வட்டிற் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்க, இடமில்லை என்று கணனி மறுத்ததைக் கண்டு வட்டு விற்றவரோடு சண்டை பிடித்தவர்கள் பலர். இடம் இருந்தது, இடாப்பின் பத்தியில்தான் இலக்கம் கொள்ளவில்லை.

இக்குறையை நீக்க மைக்ரோசொவ்ற் 2006இல் ‘எக்ஸ்-ஃபாற்’ என்பதை வெளியிட்டது. 2009இல் பெருங்கொள்ளளவு நினைவக அட்டைகளுக்கு அதுவே நியமமாயிற்று. 2010 நவம்பரில் மக்கின்ரொஷும் அதனை ஏற்றது. இலவச மென்பொருளாகிய லினக்ஸ் மட்டும் வெளியே நின்றது. காரணம் தொழில்நுட்பம் அன்று, காப்புரிமை. 2009ஆம் ஆண்டு பெப்ரவரியில், ரொம்ரொம் என்னும் ஒல்லாந்து வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின்மேல் மைக்ரோசொவ்ற் வழக்குத் தொடுத்தது. ‘ஃபாற்’ முறையில் நீண்ட பெயர் எழுதும் உத்தியும் வழக்கிற் கூறப்பட்ட உரிமைகளுள் ஒன்று. மார்ச் இறுதியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஆனால் சந்தைமொழிக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதை அனைவரும் உணர்ந்துகொண்டனர். எல்லோரும் பேசிப் பழகிய பின்னர் சொல்லுக்குக் கூலி கேட்பது போன்றது இது என்பதே எமது எண்ணம். 2019 ஓகஸ்ற்றில் மைக்ரோசொவ்ற் ‘எக்ஸ்-ஃபாற்’ முறையின் முழு விபரத்தையும் வெளியிட்டு, லினக்ஸில் அது சேர்வதற்கு ஆதரவும் தெரிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான லினக்ஸின் 5.4ஆம் பதிப்பில் அது முதலில் இடம்பெற்றது. மறு ஆண்டு சாம்சுங் நிறுவனத்தார் எழுதிய மேலான வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. அறைகளுக்குப் பொது இடாப்பு ஒன்று வேண்டும் என்ற எளிய காரியம் நிறைவேறுவதற்கு 1977 முதல் நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன.

இன்று நிலைமை இதுவே. பாரிஸுக்கும் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கைமாற வேண்டிய வட்டு, வாங்கியவுடன், வெறுமையாக இருக்கும்போதே, ‘எக்ஸ்-ஃபாற்’ முறையில் போர்மற் செய்யப்பட்டிருத்தல் நன்று. மூன்று வீட்டாரும் அதனை வாசிப்பர், எழுதுவர். என்.ரி.எவ்.எஸ். வட்டை மக்கின்ரொஷ் வாசிக்கும், தானாக எழுதாது. ஏ.பி.எவ்.எஸ். வட்டை விண்டோஸ் தானாக வாசிக்கவும் மாட்டாது. ‘எக்ஸ்-ஃபாற்’ முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. பழைய ‘ஃபாற்’ இடாப்பை இரு பிரதி வைத்திருந்தது. இது வழக்கமாக ஒரு பிரதியோடு நின்றுவிடும், எழுதிக்கொண்டிருந்த வேலையைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பும் அதற்கில்லை. எழுதும்போது வட்டைப் பிடுங்கினால் இடாப்பு கிழியும். ஆகவே வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, கணனி விடை தந்த பின்னரே கழற்ற வேண்டும். உறுதிகளின் பிரதியை இரண்டாம் வட்டில், இரண்டாம் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பதை 1981ஐக் கண்டவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அறியாத வட்டு ஒன்று போர்மற் கேட்டால் ‘இல்லை’ என்று கூறி, அனுப்பியவரிடம் அவருடைய கணனி எது என்று வினவுங்கள். தவறி அழுத்திவிட்டீர்களாயின் அவ்வட்டில் மேற்கொண்டு எதனையும் எழுதாதீர்கள்.

எம்மைக் காப்பாற்றியதும் அதுவே. விரைவுப் போர்மற் புதிய இடாப்பை எழுதுகின்றதேயன்றி, அறைகளைக் கழுவுவதில்லை. பல்கலைக்கழகத்திற் பயிலும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருவர், இடாப்பை நாடாமல் அறை அறையாகத் தட்டிப் பார்க்கும் மென்பொருளை இரவு முழுதும் ஓடவிட்டார். ஸ்கான் செய்த படக்கோப்பு ஒவ்வொன்றும் ஒரேவிதமான தொடக்கக் குறியோடு ஆரம்பிப்பதால், அக்குறி கண்ட இடமெல்லாம் ஒரு படம் எழுந்து வந்தது. விடியும்போது 412 படங்கள் மீண்டிருந்தன. பெயர்கள் மட்டும் மீளவில்லை. பெயர் இருப்பது இடாப்பில், அறையில் அன்று. கொடிகாமத்துக் கலியாணமும் சாவகச்சேரிச் சந்தையும் வெறும் இலக்கங்களாக வந்து நின்றன. அவற்றுக்குப் பெயர் சொன்னவர் ஓராண்டுக்கு முன்னரே மறைந்துவிட்டார்.

அதன்பின் பல மாரிகாலங்கள் இந்நகரிலும் ரொறன்ரோவிலும் உள்ள மூத்தோரின் வீடுகளுக்கு அப்படங்களைக் கொண்டுசென்றோம். மாமி முறையான ஒருவர் தொண்ணூறு வயதிலும் அறுபதுக்கு மேற்பட்ட முகங்களுக்குப் பெயர் சொன்னார், சிலருக்குக் குலமும் கோத்திரமும் வழக்கும் சேர்த்து. உறுதிகள் தம் பெயரைத் தாமே சுமந்திருந்தமையால் கவலை இருக்கவில்லை. எஞ்சியவை இன்று 73. அவற்றை மருமகன் முன்பு எழுதியதைப் போலவே ‘யார்?’ என்று பெயரிட்டுப் புதிய வட்டில் வைக்க முயன்றோம். மக்கின்ரொஷ் ஒப்பிய அப்பெயரை ‘எக்ஸ்-ஃபாற்’ ஒப்பவில்லை. கேள்விக்குறி அவ்விடாப்பில் விலக்கப்பட்ட குறிகளுள் ஒன்று. ஆகவே ‘யார் 1’ முதல் ‘யார் 73’ வரை கேள்விக்குறி இன்றியே எழுதியிருக்கின்றோம்.